அறவாழி நாட்டில் மிதிவண்டிப் பயணம்



மணிமேகலை குறித்துப் பேச வேண்டும் என்று செயலாளர் என்னைப் பணித்தார். மணிமேகலைக்கு வந்து சேர்வேன். அதில் ஐயம் வேண்டா. ஆனால் புகாரிலிருந்தோ காஞ்சியிலிருந்தோ தொடங்காமல், இமயமலைச் சாரலில் உள்ள பூட்டான் நாட்டிலிருந்து, அதுவும் ஒரு மிதிவண்டியின் மேலிருந்து தொடங்க உங்கள் இசைவை வேண்டுகிறேன். 2024ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஒன்பது நாள் அந்நாட்டில் மிதிவண்டிப் பயணம் சென்று வந்தேன். அங்கே ஓர் இளந்துறவி என்னிடம் ஒரு வினா எழுப்பினார். அதற்கு அன்று விடை கூற இயலாமல் நின்றேன். இந்த உரை அவ்வினாவுக்கு நான் தேடிக்கொண்ட விடை எனலாம்.

முதலில் பயணத்தின் அமைப்பைக் கூறிவிடுகிறேன். பூட்டான் அயல்நாட்டுப் பயணிகளுக்குத் தன் கதவைத் திறந்தது 1974ஆம் ஆண்டில்தான். கூட்டம் பெருகினால் மரபு தேயும் என்று அஞ்சிய அந்நாடு, பயணிகளுக்கு நாள்வீதம் கட்டணம் விதித்து வருகிறது. நான் சென்றபோது இந்தியர்க்கு நாளொன்றுக்கு 1,200 ரூபாய். பிற நாட்டவர் பெரும்பாலோர்க்கு 100 டாலர். எங்கள் குழுவில் எண்மர் இருந்தோம். உரிமம் பெற்ற வழிகாட்டி முன்னே மிதிவண்டியில் செல்வார். தண்ணீர், பழம், பழுது பார்க்கும் கருவிகள் ஆகியவற்றோடு ஒரு வேன் பின்னே வரும். களைத்தவர் வேனில் ஏறிக்கொள்ளலாம். 'ஏறுவது இழுக்கன்று' என்று முதல்நாளே வழிகாட்டி எங்களுக்கு அறிவுறுத்தினார். அவ்வறிவுரை பெரிதும் எனக்கே பயன்பட்டது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பூட்டானின் வானூர்தி நிலையம் அமைந்த பாரோ பள்ளத்தாக்கு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. அக்டோபரில் அங்கே நெல் அறுவடை. மஞ்சள் பூத்த வயல்களுக்கு அப்பால், செங்குத்தான பாறையின் நெற்றியில் ஒட்டவைத்ததுபோல் தக்சாங் மடம் தெரிகிறது. 'புலிக்குகை' என்பது அப்பெயரின் பொருள். 8ஆம் நூற்றாண்டில் பத்மசம்பவர் பெண்புலி ஒன்றின் மீது பறந்துவந்து அக்குகையில் தவமிருந்தார் என்பது அம்மக்களின் நம்பிக்கை. 1692இல் தென்சின் ராப்கே என்னும் துறவியரசர் அவ்விடத்தில் மடம் எழுப்பினார். மிதிவண்டிகளை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு 3,000 மீட்டருக்கு மேலான அவ்விடத்திற்கு நடந்தே ஏறினோம்.

சுவரோவியங்களைக் கண்டு வியந்து, 'முந்நூறு ஆண்டுப் பழமை' என்று நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். வழிகாட்டி அதைக் கண்டு புன்னகைத்தார். '1998 ஏப்ரலில் இங்கே பெருந்தீ பிடித்தது, மேடம். முதன்மைக் கட்டடம் எரிந்துபோனது. 2005இல்தான் மீண்டும் கட்டி முடித்தார்கள். என் மாமா இங்கே தச்சு வேலை செய்தார்' என்றார். எனக்குச் சற்றே ஏமாற்றம். 'அப்படியானால் இது பழைய மடம் அன்று' என்றேன். அவருக்கு நான் சொன்னது விளங்கவே இல்லை. 'பழைய மடம்தான். மாமா புதிதாக எதையும் செய்யவில்லையே' என்றார்.

அவையோரே, மரபு என்பதைப் பற்றி நான் படித்த நூல்கள் பல. இவ்வளவு சுருக்கமான விளக்கத்தை எந்நூலிலும் கண்டதில்லை. நாம் பழமையைக் கல்லில் தேடுகிறோம். அவர்கள் கையில் வைத்திருக்கிறார்கள். தச்சு, கல்வேலை, ஓவியம், சிற்பம், வார்ப்பு, நெசவு எனப் பதின்மூன்று கைத்தொழில்களை வகுத்து, அவற்றைப் பயிற்றுவிக்கப் பள்ளிகளும் நடத்துகிறது அந்நாடு. 2012இல் வாங்துயே போத்ராங் கோட்டை தீக்கிரையானபோதும், அந்தக் கைகள் இருந்தமையால் அது மீண்டும் எழுந்தது; 2022இல் திருநிலைப்படுத்தப்பட்டது.

மறுநாள் பாரோவிலிருந்து தலைநகர் திம்பு நோக்கிப் புறப்பட்டோம். ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். மகிழுந்தில் சென்றால் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் வழி. எங்களுக்கு ஒரு பகல் பிடித்தது. வழியெங்கும் ஆறு உடன் வருகிறது. சிற்றோடைகள் சாலையைக் கடக்கும் இடங்களில் சிறிய மரக்கூண்டுகள் உள்ளன. உள்ளே மந்திரம் எழுதிய சுருளை அடக்கிய உருளை ஒன்றை ஓடை நீர் சுழற்றிக்கொண்டே இருக்கும். சுற்று ஒன்று முடியும்போதெல்லாம் ஒரு மணி மெல்ல ஒலிக்கும். வண்டியின் கண்ணாடிக்குள் இருப்பவர் செவிக்கு அவ்வொலி எட்டாது. புத்தரின் அறச்சக்கரத்தை 'அறவாழி' என்று அழகுறச் சொல்கிறது தமிழ். நீர் சுழற்றும் அந்த ஆழியின் அருகே என் வண்டியின் இரண்டு சக்கரங்களும் சுழன்றபோது, மிதிவண்டியைத் தேர்ந்தது தகும் என்று தோன்றியது.

தாம்சோக் என்னுமிடத்தில் ஆற்றின் குறுக்கே ஓர் இரும்புச் சங்கிலிப் பாலம். 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாங்தோங் கியால்போ என்னும் துறவி, இமயமலை நாடுகளில் பல இரும்புப் பாலங்களை அமைத்தவர். அறத்தையும் பாலத்தையும் ஒன்றெனக் கண்டவர். அவர் பெயரால் வழங்கும் இப்பாலத்தை 1969இல் வெள்ளம் கொண்டுபோனது. 2005இல் பழைய கண்ணிகளையும் சேர்த்து மீண்டும் அமைத்தனர். எக்கண்ணி பழையது, எக்கண்ணி புதியது என்று அறிய நான் குனிந்து பார்த்தேன். எனக்குப் பின்னால் வந்த மூதாட்டி ஒருவர், முதுகில் கூடையோடு, என்னைக் கடந்து பாலத்தில் நடந்து போனார். அவருக்குப் பாலம் கடப்பதற்கு; எனக்கு ஆராய்வதற்கு!

பாரோ ஆறும் திம்பு ஆறும் கூடும் சூசோம் என்னுமிடத்தில் மூன்று தூபிகள் நிற்கின்றன; ஒன்று பூட்டானிய முறையிலும், ஒன்று திபெத்திய முறையிலும், ஒன்று நேபாள முறையிலும் அமைந்தவை. தூபியைக் கடக்கும்போது அது நம் வலப்பக்கம் இருக்க வேண்டும் என்று வழிகாட்டி கூறினார். அதை அவர் விளக்கத் தொடங்குமுன்பே நான் வலமாகச் சுற்றி வந்துவிட்டேன். அவர் வியந்தார். 'எங்கள் ஊர்க் கோயில்களிலும் வலம் வருவதே வழக்கம்' என்றேன். நெடுந்தொலைவு வந்து, கால்கள் தாமே அறிந்த ஒன்றைக் கண்டதில் உண்டான மகிழ்ச்சியை எப்படிச் சொல்வேன்!

நாங்கள் சென்ற சாலையைப் பற்றியும் ஒரு சொல். 1958இல் இந்தியப் பிரதமர் நேரு பூட்டானுக்குச் சென்றபோது, சிக்கிமிலிருந்து திபெத்தின் சும்பிப் பள்ளத்தாக்கு வழியாக மலைப்பாதையில் பல நாள் பயணம் செய்தே பாரோவை அடைந்தார். எல்லை ஊராகிய புன்ட்ஷோலிங்கிலிருந்து திம்புவுக்கு முதல் வண்டிச்சாலை அமைந்தது 1962இல்தான். இந்தியாவின் உதவியால் அமைந்த அச்சாலைக்காக மலையை உடைத்தவர்கள் இந்திய, நேபாளத் தொழிலாளர்கள். தொலைக்காட்சி அந்நாட்டுக்குள் வந்தது 1999இல். ஒரு தலைமுறைக்குள் பல நூற்றாண்டுகளைக் கடந்த மக்கள் அவர்கள் என்பதை நினைவிற் கொண்டால், மரபைக் குறித்து அவர்களுக்குள்ள அச்சம் நமக்கு விளங்கும்.

திம்புவிலிருந்து புனாக்காவுக்குச் செல்லும் வழியே எங்கள் பயணத்தின் கடினமான பகுதி. 1629இல் சப்துருங் நவாங் நம்கியால் கட்டிய சிம்தோக்கா கோட்டையைக் கடந்ததும் ஏற்றம் தொடங்குகிறது. திபெத்திலிருந்து 1616இல் வந்து, சிதறிக் கிடந்த பள்ளத்தாக்குகளை ஒரே நாடாக இணைத்தவர் இந்தச் சப்துருங். அவர் அமைத்த கோட்டைகளுக்குச் 'சோங்' என்று பெயர். ஒருபாதி அரசு அலுவலகம், மறுபாதி துறவியர் மடம். நாம் 'கோட்டைமடம்' என்று கூறலாம்.

தோச்சுலா கணவாய் ஏறத்தாழ 3,100 மீட்டர் உயரம். இருபத்திரண்டு கிலோமீட்டரில் எண்ணூறு மீட்டர் ஏற வேண்டும். மிகச் சிறிய கியரிலும் என் வண்டி நடப்பவர் வேகத்தையே எட்டியது. பாதி வழிக்கு மேல் இறங்கித் தள்ளினேன். கடைசி ஆறு கிலோமீட்டரை வேனில் கடந்தேன். அறுபதைக் கடந்த இருவர் எங்கள் குழுவில் இருந்தனர். அவர்கள் இருவரும் மிதித்தே மேலேறினர்! கணவாயில் நூற்றெட்டுத் தூபிகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. 2003 டிசம்பரில், இந்தியாவின் வடகிழக்கைச் சேர்ந்த ஆயுதக் குழுக்களைத் தன் எல்லைக்குள்ளிருந்து அகற்றப் பூட்டான் போரிட நேர்ந்தது. அப்போரில் இறந்தோர் நினைவாக அரசியார் எழுப்பியவை அவை. வெற்றித்தூண் எழுப்பாமல் வணங்கும் இடம் எழுப்பினர். சுற்றிலும் நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள் என ஐந்நிறக் கொடிகள் காற்றில் படபடத்தன. அவை வானும் காற்றும் தீயும் நீரும் நிலமுமாம். ஐம்பூதம் என்று நான் சொல்லத் தேவையே இல்லை.

அங்கிருந்து புனாக்கா வரை ஏறத்தாழ 1,900 மீட்டர் இறக்கம். தேவதாரு, கருவாலி, பிறகு வாழை, நெல் என்று தாவரங்கள் மாறிக்கொண்டே வந்தன. பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தக்கூடாது. விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும் என்பதை முதல் வளைவிலேயே கற்றேன். தந்தையாறு, தாயாறு என்று பொருள்படும் போசு, மோசு என்னும் இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் புனாக்கா கோட்டை நிற்கிறது. 1637இல் எழுந்தது. தீ, நிலநடுக்கம், வெள்ளம் அனைத்தையும் கண்டது. 1994 அக்டோபரில் மலைமேல் பனியேரி ஒன்று உடைந்து வந்த வெள்ளம் அதைத் தாக்கியது, மீண்டும் சீரமைத்தனர். ஆண்டுதோறும் குளிர்காலத்தில் தலைமைத் துறவியும் துறவியர் கூட்டமும் திம்புவிலிருந்து இங்கே குடிபெயர்வது இன்றும் தொடர்கிறது.

கோட்டைக்குள் நுழையுமுன் வழிகாட்டி வேனிலிருந்து ஒரு துணிச்சுருளை எடுத்தார். மிதிவண்டி உடைமேல் முழங்கால் வரையிலான 'கோ' என்னும் மேலங்கியை உடுத்தி, தோளில் வெண்ணிற மேலாடையை அணிந்துகொண்டார். அவர் நிமிர்ந்து நின்ற நிலையே மாறிவிட்டது. அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் கோட்டைகளிலும் இவ்வுடை கட்டாயம் என்றார். பெருமிதத்தோடுதான் சொன்னார்.

வழிகாட்டி நமக்கு உள்ளதைக் காட்டுவார், எல்லாவற்றையும் காட்டமாட்டார். அது அவர் குற்றமன்று. ஆனால் காட்டாததையும் அறிந்துகொள்வது பயணியின் கடமை. அந்த உடைக்குப் பின்னே ஒரு துயர வரலாறு உண்டு. தெற்கு மாவட்டங்களில் தலைமுறைகளாக வாழ்ந்துவந்த நேபாளி மொழி பேசும் மக்களை லோட்சாம்பா என்பர். 1985ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1988ஆம் ஆண்டின் கணக்கெடுப்பும் அவர்களுள் பலரை அயலார் ஆக்கின. 1989இல் வடபகுதி மக்களின் உடையும் ஒழுங்குமுறையும் நாடு முழுமைக்கும் கட்டாயமாயின. பள்ளிகளில் நேபாளி மொழிப்பாடம் நின்றது. 1990இல் போராட்டம் வெடித்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் நாட்டை விட்டகன்று கிழக்கு நேபாளத்தின் முகாம்களில் வாழ நேர்ந்தது. 2007 முதல் அவர்களுட் பெரும்பாலோர் அமெரிக்கா முதலிய நாடுகளில் குடியமர்த்தப்பட்டனர்.

மொழியின் அருமை அறிந்த தமிழர்க்கு இதைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒரு மரபை விரும்பி உடுத்துவது வேறு. பிறர்மேல் போர்த்துவது வேறு. கருணையை முதலறமாகக் கொண்ட ஒரு நாட்டிலும் இது நிகழ்ந்தது என்பதை மறைத்துவிட்டு அந்நாட்டின் எழிலை மட்டும் உங்கள் முன் வைத்தால், நான் பயணம் செய்தவள் ஆகேன். விளம்பரம் செய்தவளே ஆவேன்.

மாலையில் ஆற்றங்கரையில் வழிகாட்டியோடு பேசிக்கொண்டிருந்தேன். தம்பி ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் இருப்பதாகக் கூறினார். அண்மை ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான இளைஞர் அங்கே சென்றுவிட்டனர். 'நீங்களும் போவீர்களா?' என்றேன். நெடுநேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். 'மாமாவுக்குப் பிறகு தச்சு வேலை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது' என்றார். நான் கேட்டதற்கு அது விடையன்று, விடையாகவும் இருந்தது.

புனாக்காவிலிருந்து வேனில் திம்பு திரும்பி, மறுநாள் நகருக்கு வடக்கே தாங்கோ மடத்திற்குச் சென்றோம். அடிவாரம் வரை மிதிவண்டி. பிறகு காட்டுவழியே நடை. தக்சாங்கை எழுப்பிய தென்சின் ராப்கேயே 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதையும் அமைத்தார். இன்று அது துறவியர் உயர்கல்வி பயிலும் இடம். அங்கே முற்றத்தில் ஓர் இளந்துறவியைச் சந்தித்தேன். இருபது வயது இருக்கலாம். தருக்க நூல் படிப்பதாகச் சொன்னார். யார் எழுதிய நூல் என்று வழிகாட்டி வாயிலாகக் கேட்டேன். 'சோக் லாங்' என்றார்.

சோக் லாங் என்பது திக்நாகருக்குத் திபெத்திய மொழியில் வழங்கும் பெயர். பௌத்தத் தருக்கத்தின் தந்தை அவர். தாரநாதர் 1608இல் எழுதிய பௌத்த வரலாறு, அவர் தென்னாட்டில் காஞ்சியை அடுத்த ஊரில் பிறந்தவர் என்று கூறுகிறது. அவருடைய 'பிரமாண சமுச்சயம்' வடமொழியில் முழுமையாக நமக்குக் கிடைக்காத நிலையில், திபெத்திய மொழிபெயர்ப்பே அதைக் காத்துத் தந்தது. ஆக, எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் நூலைப் பனிமலை அடிவாரத்தில் ஒருவர் படித்துக்கொண்டிருந்தார்!

'நான் அவர் ஊர்ப் பக்கம்தான்' என்றேன், பெருமையை அடக்க இயலாமல். துறவியின் கண்கள் விரிந்தன. முற்றத்தின் ஓரத்தில் தழைகளை இட்டு எரிக்கும் அடுப்பிலிருந்து எழுந்த புகையைச் சுட்டிக்காட்டினார். மலையில் புகை உண்டு. ஆகவே நெருப்பு உண்டு. அடுக்களையிற்போல என்று பாடம் ஒப்புவிக்கும் குரலில் சொல்லிச் சிரித்தார். பிறகுதான் அந்த வினாவைக் கேட்டார்: 'காஞ்சியில் இப்போது இதை எங்கே படிக்கிறார்கள்?'

அவையோரே, எனக்கு வாயெழவில்லை. ஏனெனில் அவர் சொன்ன புகையும் நெருப்பும் அடுக்களையும் தமிழில் உள்ளன. மணிமேகலையின் 29ஆம் காதையில், காஞ்சி மாநகரில், அறவண அடிகள் மணிமேகலைக்கு அறிவுறுத்தும் அளவை நெறி அதுவே. காட்சி, கருத்து என்னும் இரண்டு அளவைகளும், பக்கம், ஏது, திட்டாந்தம் முதலிய உறுப்புகளும், அவற்றின் போலிகளும் அங்கே வரிசைப்பட விளக்கம் பெறுகின்றன. திக்நாகர் மரபைச் சார்ந்த 'நியாயப்பிரவேசம்' என்னும் நூலோடு அக்காதை நெருங்கி நிற்பதை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர்.

இருபது ஆண்டுகளாக நான் மணிமேகலையைக் கற்பிக்கிறேன். அக்காதையைக் கற்பித்ததில்லை. ஆபுத்திரன் வரலாறு, ஆதிரை பிச்சையிட்டது, சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆனது ஆகியவற்றை உருக்கமாக நடத்துவேன். 29ஆம் காதை வரும்போது, 'இது கடினம். தேர்வுக்கு வேண்டா' என்று பக்கங்களைப் புரட்டச் சொல்லிவிடுவேன். 1898இல் உ.வே. சாமிநாதையர் எத்துணைப் பாடுபட்டு, பௌத்த சமயச் செய்திகளைத் தேடித்தேடி அறிந்து, அந்நூலைப் பதிப்பித்தார்! அவர் மீட்டுக் கொடுத்ததை நான் புரட்டிவிட்டேன்.

நாகையில் நின்ற பழைய பௌத்தக் கட்டடம் 1867இல் இடிக்கப்பட்டதற்கு வருந்திக் கட்டுரை எழுதியவள் நான். அங்கு மண்ணிலிருந்து கிடைத்த புத்தர் படிமங்களைச் சென்னை அருங்காட்சியகத்தில் கண்டு பெருமூச்செறிந்தவள் நான். இடித்தவர்மேல் எனக்குச் சினம் இருந்தது. கையில் உள்ள நூலைப் படிக்காமல் விடுவதும் ஒருவகை இடிப்பே என்பதை ஓர் இளந்துறவி எனக்கு உணர்த்தினார். அவர் என்னைக் குறை கூறவில்லை, ஆவலோடு கேட்டார். அதுதான் சுட்டது. 'எங்கள் மொழியிலும் அந்தப் புகை உண்டு' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

பூட்டான் எல்லாவற்றிலும் நமக்கு வழிகாட்டி என்று நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதையும் கூறிவிட்டேன். ஆனால் எரிந்தால் மீண்டும் கட்டும் கைகளும், அறுந்தால் மீண்டும் கோக்கும் கண்ணிகளும், ஒப்புவித்துச் சிரிக்கும் மாணவரும் உள்ளவரைதான் மரபு மரபாக நிற்கும் என்பதை அங்கே கண்டேன். அது நின்றுபோனால் எஞ்சுவது அருங்காட்சியகமே.

ஊர் திரும்பியபின், அடுத்த பருவத்தில், 29ஆம் காதையை வகுப்பில் எடுத்தேன். முதல்நாள் நானே இருமுறை தடுமாறினேன். ஒரு மாணவி எழுந்து, 'அம்மா, இது தேர்வில் வருமா?' என்றாள். 'வராது' என்றேன். வகுப்பில் சிரிப்பலை எழுந்தது. 'அப்படியானால் ஏன் படிக்கிறோம்?' என்று அவள் மேலும் கேட்டாள். தாங்கோ மடத்து முற்றத்தையும் அந்தப் புகையையும் சொன்னேன். மணி அடித்தது. பாதிப்பேர் எழுந்து சென்றனர், மீதிப்பேர் அமர்ந்திருந்தனர். கேள்வி கேட்ட பெண் அமர்ந்திருந்தவர்களுள் ஒருத்தி. ஏதுப்போலி என்றால் என்ன என்று அவள் கேட்க, நாங்கள் பாடத்தைத் தொடர்ந்தோம்.

பத்தாண்டுகளாகத் தேர்வு எதுவும் இல்லாமல், மதிப்பெண் எதுவும் வேண்டாமல், திங்கள்தோறும் அமர்ந்து தமிழ் படித்துவரும் இவ்வட்டத்தார் முன் இதைச் சொல்லக் கிடைத்த வாய்ப்பை என் பேறாகக் கருதுகிறேன்.